அடுத்த செஷனுக்கு முன்பே தெரபிஸ்டிடம் பேச வேண்டியிருந்தால்

வாரத்துக்கு ஒரு முறை, 45 அல்லது 50 நிமிடம். தெரபி என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் வீடு, வேலை, மேனேஜர், சொந்தக்காரர்கள், தூக்கம் வராத ராத்திரி. மனசு கொதிப்பது அந்த மீதி நேரத்தில்தான். கையில் போன் இருக்கிறது, அதில் தெரபிஸ்டின் நம்பரும் இருக்கிறது. மெசேஜ் போடலாமா, போட்டால் தொந்தரவாக நினைப்பாரா என்று யோசித்தே பலர் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். வேறு சிலர் யோசிக்காமல் நாற்பது மெசேஜ் அனுப்பிவிட்டு, மறுநாள் வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த செஷனுக்கே போவதில்லை.

இரண்டு தரப்புக்கும் சிக்கல் ஒன்றுதான்: எதற்குத் தொடர்புகொள்ளலாம், எப்படி, எப்போது பதில் வரும் என்று யாரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை. இடையில் அனுப்பும் செய்தியின் வேலை உங்களை அடுத்த செஷன் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. செஷனில் உட்கார்ந்து செய்ய வேண்டியதை வாட்ஸ்அப்பிலேயே முடித்துவிடப் பார்த்தால், செஷனில் பேச ஒன்றும் மிஞ்சாது, போனிலும் எதுவும் தீராது.

முதல் செஷனிலேயே கேட்க வேண்டியவை

இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல தெரபிஸ்ட் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் கடைசி ஐந்து நிமிடத்தில் இப்படிக் கேட்டால் போதும்: "மேடம், நடுவுல ஏதாவதுன்னா உங்களுக்கு மெசேஜ் பண்ணலாமா? எந்த நம்பர்ல பண்ணணும்? எவ்வளவு நேரத்துல பதில் எதிர்பார்க்கலாம்?"

பதிலில் நீங்கள் தெரிந்துகொண்டு வர வேண்டிய விஷயங்கள் சில உண்டு. அந்த நம்பர் தெரபிஸ்டின் சொந்த நம்பரா, கிளினிக் நம்பரா? கிளினிக் நம்பர் என்றால் வாட்ஸ்அப்பை முதலில் படிப்பது ரிசப்ஷனில் இருப்பவர்தான். இது தெரியாமல் வீட்டு விஷயம் முழுவதையும் அதில் கொட்டிவிடுகிறவர்கள் நிறைய. எந்த நாட்களில், எத்தனை மணி வரை பார்ப்பார்? ஞாயிறு, தீபாவளி, பொங்கல் விடுமுறையில் அவருக்குப் பதில் யாரை அழைக்கலாம்? போனில் பேசினால் தனி ஃபீஸ் உண்டா? ஐந்து நிமிடத்துக்கு எதுவும் வாங்காமல், பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் அரை செஷன் கட்டணம் வாங்குகிறவர்கள் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். செஷனை ரத்து செய்வதானால் எவ்வளவு நேரம் முன்னால் சொல்ல வேண்டும்? பலர் 24 மணி நேரம் கேட்பார்கள், சிலர் 48. முதல் நாள் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் இதெல்லாம் இருக்கும். யாரும் படிப்பதில்லை. படியுங்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பொறுத்தும் இது மாறும். அரசு மருத்துவமனை மனநல ஓ.பி.யில் டாக்டரின் சொந்த நம்பர் கிடைக்காது. ஒரே டாக்டரைத்தான் ஒவ்வொரு முறையும் பார்ப்போம் என்பதும் நிச்சயமில்லை. அங்கே இடையில் தொடர்புகொள்வது என்றால் குறித்த தேதிக்கு முன்பே ஓ.பி. சீட்டோடு நேரில் போவதுதான். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வரும் என்பதைக் கேட்டு சீட்டின் பின்பக்கமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் ஆப் வழியாகத் தெரபி எடுப்பவர்கள் அந்த ஆப்பின் சாட்டுக்குள்தான் எழுத வேண்டும். சொந்த நம்பர் கேட்டால் அந்தத் தெரபிஸ்ட் நிறுவனத்திடம் மாட்டிக்கொள்வார். கல்லூரி கவுன்சிலர் என்றால் செமஸ்டர் லீவில் யார் என்பதைத் தேர்வுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

யாரிடம் கேட்க வேண்டிய விஷயம் இது?

மருந்து பற்றிய கேள்வி தெரபிஸ்டுக்கு அல்ல, மனநல மருத்துவருக்கு. தெரபிஸ்ட் சைக்காலஜிஸ்டாக இருந்தால் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ அவரால் சொல்ல முடியாது. அவரிடம் கேட்டால் "டாக்டரைக் கேளுங்க" என்று ஒரு நாள் கழித்துப் பதில் வரும். அந்த ஒரு நாள் சில சமயம் ஆபத்தானது.

லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, வழக்கத்தை மீறிய கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அது ரத்தத்தில் லித்தியம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். மெசேஜ் போட்டுக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லாமோட்ரிஜின் தொடங்கிய புதிதில் தோலில் தடிப்பு வந்தால் அன்றே டாக்டரை அழைக்க வேண்டும். க்ளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் சாதாரண ஜுரம் என்று விடக்கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று ரத்தம் பார்க்க வேண்டும். டிப்ரஷன் மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில், அதுவும் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, இருப்புக் கொள்ளாத தவிப்போ சாகும் எண்ணமோ கூடினால் அதையும் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் மறுவேளைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். என்ன செய்வது என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.

நேரம் மாற்றுவது, பணம் கட்டுவது, பில், சான்றிதழ் எல்லாம் ரிசப்ஷனுக்கு. இவற்றையும் மனசு விஷயத்தையும் ஒரே மெசேஜில் கலக்காதீர்கள். "வியாழக்கிழமை 6 மணிக்கு மாத்திக்கலாமா, அப்புறம் நேத்து அப்பா அடிச்சிட்டார்" என்று வந்தால், பதில் "6 மணி ஓகே" என்று மட்டும் வரும். அவர் கவனிக்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் அதைப் பார்த்தது ரிசப்ஷனிஸ்டாக இருக்கலாம்.

அனுப்பும் முன் ஒரு நிமிடம்

உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் செய்தியைப் படித்து அவர் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்? பதில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: அவர் ஒரு தகவலைச் சொல்ல வேண்டும், கொடுத்த பயிற்சியில் மாட்டிக்கொண்டதால் வழி காட்ட வேண்டும், செஷனை முன்னால் தள்ள வேண்டும், அவர் தெரிந்து வைத்திருந்தால் போதும், யாராவது கூட இருக்க வேண்டும், நான் பத்திரமாக இல்லை.

முதல் நான்குக்கும் மெசேஜ் சரி. கடைசிக்கு மெசேஜ் சரியே இல்லை, அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம். "யாராவது கூட இருக்க வேண்டும்" என்பதில்தான் குழப்பம். அந்தத் தேவை நியாயமானது, ஆனால் அதற்கு ராத்திரி பதினொன்றரைக்குத் தெரபிஸ்ட் கிடைக்க மாட்டார். அக்கா, சிநேகிதி, பக்கத்து வீட்டு அத்தை, ஹெல்ப்லைன் என்று வேறு ஆட்களின் பெயர் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தெரபிஸ்டோடு உட்கார்ந்து எழுதுவதே ஒரு செஷனுக்கான நல்ல வேலை.

மெசேஜை எழுதும் விதம்

அதிகம் தவறாகும் மெசேஜ் இது: "மேடம் பேசணும்." அவ்வளவுதான். ராத்திரி 10:40-க்கு வருகிறது. படிப்பவருக்கு இது நேர மாற்றமா, உயிர் ஆபத்தா என்று தெரியாது. அவர் பதறி அழைப்பார், நீங்கள் தூங்கியிருப்பீர்கள். அல்லது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார், நீங்கள் விடியும் வரை காத்திருப்பீர்கள்.

இன்னொரு வகை, மூன்று மணி நேரத்தில் துண்டு துண்டாக வரும் நாற்பது வரி. முதல் பத்து கோபம், அடுத்த பத்து அழுகை, அப்புறம் "சாரி மேடம், டிஸ்டர்ப் பண்ணிட்டேன்", பிறகு நான்கு மெசேஜ் டெலீட். டெலீட் செய்தது என்ன என்பதுதான் படிப்பவரை அதிகம் கவலைப்பட வைக்கும்.

ஒரே மெசேஜாக, ஐந்தாறு வரிக்குள் எழுதுங்கள். முதல் வரியில் அவசரமா இல்லையா என்பது. அடுத்து என்ன நடந்தது, ஒரே வாக்கியத்தில். பிறகு நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தது. கடைசியில் அவரிடம் கேட்பது என்ன, எப்போதைக்குள். இப்படி:

"வணக்கம் மேடம். அவசரம் இல்லை, நான் பத்திரமா இருக்கேன். நேத்து ஆபீஸ் மீட்டிங்ல பேனிக் அட்டாக் மறுபடி வந்துச்சு, இருபது நிமிஷம் இருந்துச்சு. நீங்க சொன்ன மூச்சுப் பயிற்சி செஞ்சேன், பாதிலயே மயக்கம் வர்ற மாதிரி ஆகி விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை இன்னொரு மீட்டிங் இருக்கு. அதுக்கு முன்னாடி பயிற்சியில எதை மாத்தணும்னு ரெண்டு வரி சொன்னா போதும்."

இதற்கு யாராலும் இரண்டு நிமிடத்தில் பதில் எழுதிவிட முடியும். (மூச்சுப் பயிற்சியில் மயக்கம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம், பயத்தில் ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து விடுவது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் சரியாகும்.)

செஷனை முன்னால் தள்ளக் கேட்பது இன்னும் எளிது: "அவசரம் இல்லை, ஆனா அடுத்த செவ்வாய் வரைக்கும் தள்ளிப் போடக் கஷ்டமா இருக்கு. வீட்ல ஒரு சாவு. இந்த வாரத்துல அரை மணி நேர ஸ்லாட் ஏதாவது இருந்தா சொல்லுங்க. காலை 9-க்கு முன்ன, இல்ல ராத்திரி 7-க்கு மேல வர முடியும்." காரணத்தை விவரிக்காதீர்கள். நேரில் சொல்வதற்கு அது இருக்கட்டும்.

அவர் தெரிந்து வைத்திருந்தால் போதும் என்பதையும் சொல்லிவிடலாம்: "இதுக்குப் பதில் வேண்டாம், செஷன்ல பேசிக்கலாம். எழுதி வெச்சா மறக்க மாட்டேன்னு அனுப்புறேன்." இந்த ஒரு வரி இரண்டு பக்கமும் பாரத்தைக் குறைக்கும். ஆனால் சிலர் நேரில் சொல்ல முடியாததையெல்லாம் எழுத்தில் அனுப்பிவிட்டு, செஷனில் "அதான் அனுப்பிட்டேனே" என்று நழுவுவார்கள். சிறுவயதில் நடந்த பாலியல் துன்புறுத்தல் போன்ற விஷயம் எழுத்தில்தான் முதலில் வரும் என்றால் வரட்டும், அதில் தப்பில்லை. அதோடு "இதை நீங்களே நேர்ல ஆரம்பிச்சு வைங்க, எனக்கு வாய் வராது" என்று சேர்த்து எழுதுங்கள்.

வாய்ஸ் மெசேஜ் எழுதுவதைவிடச் சுலபம்தான். ஆனால் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜைக் கேட்க ஏழு நிமிடமும் ஆளில்லாத ஓர் அறையும் வேண்டும். அடுத்தடுத்து ஆட்களைப் பார்க்கிறவருக்கு இரண்டும் கிடைக்காது. எழுத வராதவர்கள் ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. கணவனோடு நடந்த சண்டையின் ஸ்கிரீன்ஷாட் முப்பது அனுப்பி "யார் மேல தப்புன்னு சொல்லுங்க" என்று கேட்பதும் வேண்டாம். தீர்ப்பு சொல்வது தெரபிஸ்டின் வேலை இல்லை. அந்தச் சாட்டைச் செஷனில் திறந்து, எந்த வரியில் உங்களுக்குச் சுருக்கென்றது என்று பார்ப்பதுதான் வேலை.

ப்ளூ டிக் விழுந்தும் பதில் வரவில்லை

இதில் நொந்துபோகிறவர்கள்தான் அதிகம். பார்த்துவிட்டாரே, ஏன் பதில் இல்லை, கோபமா, என்னைக் கைவிட்டுவிட்டாரா? சின்ன வயதில் அம்மா பேசாமல் இருந்தே தண்டித்த வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த மௌனம் வேறு மாதிரி அடிக்கும்.

பெரும்பாலான காரணம் சாதாரணமானது. இரண்டு செஷனுக்கு நடுவில் பத்து நிமிட இடைவெளியில் போனை எடுத்துப் பார்த்திருப்பார், யோசித்துப் பதில் எழுத நேரம் இருந்திருக்காது. அவர் சொன்ன கால அளவு 24 மணி நேரம் என்றால் 24 மணி நேரம் முடியும் வரை இரண்டாவது மெசேஜ் வேண்டாம். முடிந்த பிறகும் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல்: "மேடம், நேத்து அனுப்பினதைப் பாத்தீங்களான்னு கேக்கறேன்." அதற்கும் இல்லையென்றால் ரிசப்ஷனுக்கு அழையுங்கள். கேள்விக்குறி மட்டும் வைத்து வரிசையாக மூன்று மெசேஜ் போடுவது, பதினைந்து மிஸ்டு கால் கொடுப்பது, வேறு நம்பரிலிருந்து கூப்பிடுவது எல்லாம் காரியத்தைக் கெடுக்கும். ஒன்று, உண்மையான அவசரம் வரும் நாளில் அதையும் இதோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு, அடித்து அடித்துப் பதில் வாங்கினால் உங்கள் மனசும் அதையே பழகிக்கொள்ளும்.

வலித்தது என்றால் அதை மறைக்காமல் செஷனில் சொல்லுங்கள்: "புதன்கிழமை நீங்க பதில் போடலைன்னதும் எனக்கு இப்படி ஆச்சு." புகாராகத் தோன்றலாம். தெரபியில் இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. உறவுகளில் எங்கே பயப்படுகிறீர்கள் என்பது அந்த ஒரு புதன்கிழமையில் மொத்தமாகத் தெரியும்.

ஓ.சி.டி., உடல்நலப் பயம் உள்ளவர்களுக்கு

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய்தான் ஓ.சி.டி. இங்கே விதி தலைகீழ். "இந்த எண்ணம் வந்தா நான் குழந்தைக்கு ஏதாவது பண்ணிடுவேன்னு அர்த்தமா மேடம்?" என்று ஒருவர் கேட்கிறார். "இல்லவே இல்லை" என்று தெரபிஸ்ட் பதில் போட்டால் மனசு இருபது நிமிடம் அடங்கும். பிறகு, "நான் சரியா சொல்லலையோ, முழுசா சொன்னா அவங்க வேற மாதிரி சொல்லியிருப்பாங்களோ" என்று இன்னொரு மெசேஜ். கையை மறுபடி மறுபடி கழுவுவதும் இதுவும் ஒன்றே. மெசேஜே நோயின் சடங்காகிவிடுகிறது.

ஓ.சி.டி.க்கான முக்கியமான பேச்சு சிகிச்சையில் பயத்தை எதிர்கொள்வது பாதி, சடங்கைச் செய்யாமல் தாக்குப்பிடிப்பது மீதி. உறுதி கேட்பதும் சடங்குதான். அதனால் இந்தச் சிகிச்சை கொடுப்பவர் உறுதி சொல்லாமல் இருப்பது அலட்சியத்தால் அல்ல. இருவரும் முன்பே பேசிவைத்து இப்படிச் செய்யலாம்: உறுதி கேட்கத் தோன்றும்போது போனில் நோட்ஸைத் திறந்து நேரத்தையும், தவிப்பு பத்துக்கு எத்தனை என்பதையும் எழுதுங்கள். அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். மறுபடி எண்ணை எழுதுங்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் கேள்வியை அனுப்பாமல் நிலைமையை மட்டும் அனுப்புங்கள்: "கேட்கத் தோணுது, 8. கேட்காம இருக்கேன்." அதற்கு வரும் பதிலும் முன்பே பேசிய ஒரே வாக்கியமாக இருக்கும்: "சரி, எண் எப்படிப் போகுதுன்னு பாருங்க." அரை மணி நேரத்தில் எட்டு ஆறாகிறது என்பதை நோட்ஸில் நீங்களே பார்ப்பது நூறு "இல்லவே இல்லை"யைவிடப் பலன் தரும். இதே கேள்வியை மனைவியிடமோ கூகுளிடமோ ஏ.ஐ. சாட்பாட்டிடமோ கேட்பதும் அதே கணக்கில்தான் சேரும். சாட்பாட் சலிப்பே இல்லாமல் ஆயிரம் முறை உறுதி சொல்லும், அதனால் அது இன்னும் மோசம்.

போன் அழைப்பையே சிகிச்சையாக வைத்திருக்கும் முறை

டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சையை அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கினார். அவருடைய கையேடு 1993-ல் வந்தது. மனசு சட்டென்று கொதித்து, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலை வரை போகிறவர்களுக்கானது இது. இதில் செஷனுக்கு நடுவில் போன் செய்வது சலுகை அல்ல, சிகிச்சையின் ஓர் அங்கம். அழைப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். கதை கேட்க மாட்டார்கள். "இப்ப என்ன ஆகுது, கத்துக்கிட்டதுல எந்தத் திறனை முயற்சி பண்ணினீங்க, அடுத்து எது?" என்று போகும். முகத்தில் குளிர்ந்த நீர் வைப்பது போன்ற ஒன்றை அங்கேயே செய்யச் சொல்லி, போனை வைத்துவிடுவார்கள்.

இதில் ஒரு விதி கேட்பவரைத் திடுக்கிட வைக்கும்: தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிறகு 24 மணி நேரத்துக்குத் தெரபிஸ்டின் போன் உதவி கிடையாது. காயத்துக்கு மருத்துவ உதவி உண்டு, உயிர் ஆபத்து என்றால் அவசர உதவி உண்டு, குறித்த செஷன் உண்டு. ஆனால் கூடுதல் அழைப்பு கிடையாது. காயத்துக்குப் பிறகு அன்பான குரல் கிடைத்தால் காயமே அந்தக் குரலுக்கு வழியாகிவிடும் என்பதுதான் காரணம். ஆக, அழைக்க வேண்டியது முன்னால். உங்கள் தெரபிஸ்ட் டி.பி.டி. செய்பவர் இல்லையென்றால் இந்த விதியை நீங்களாக உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். காயப்படுத்திக்கொண்டால் அவரிடம் சொல்லுங்கள்.

போனை வேறு யாரெல்லாம் பார்ப்பார்கள்?

நம் வீடுகளில் போன் ஒருவர் கையில் மட்டும் இருப்பதில்லை. குழந்தை யூடியூப் பார்க்கும், கணவர் ஓ.டி.பி. பார்ப்பார், மாமியார் போட்டோ பார்ப்பார். லாக் ஸ்கிரீனில் மெசேஜின் முதல் வரி தெரியாதபடி நோட்டிபிகேஷன் ப்ரிவியூவை அணைத்துவிடுங்கள். நம்பரைத் தெரபிஸ்டின் தொழிலோடு சேர்த்து சேமிக்காமல் வெறும் பெயராகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அந்தச் சாட்டை மட்டும் லாக் செய்யும் வசதி இருக்கிறது. லிங்க்டு டிவைஸ் பகுதியில் ஆபீஸ் கம்ப்யூட்டரோ வீட்டு லேப்டாப்போ இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் செய்தி போகும் வழியில் என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது. ஆனால் கூகுள் டிரைவில் எடுக்கும் பேக்கப்புக்கு அந்தப் பாதுகாப்பை நீங்களே செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும். ஆபீஸ் மெயிலில் இந்த விஷயமே வேண்டாம், அது கம்பெனியின் சொத்து. வீட்டில் அடி உதை இருந்தால், எந்த நேரத்தில் மெசேஜ் வரலாம், அழைத்தால் என்ன சொல்லி எடுப்பீர்கள் என்பதைத் தெரபிஸ்டோடு முன்பே பேசி வையுங்கள்.

தெரபிஸ்டின் இன்ஸ்டாகிராமைப் பின்தொடர்வது, அவர் பதிவின் கீழே "என் டாக்டர்" என்று கமெண்ட் போடுவது இரண்டும் உங்கள் ரகசியத்தை நீங்களே உடைப்பது. அவர் பதில் லைக் போடாவிட்டால் கோபிக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால்

சாக வேண்டும் என்ற எண்ணம் திட்டமாக மாறுகிறது, அதற்கான பொருள் கையருகே இருக்கிறது, அல்லது இன்று ராத்திரியைத் தாண்ட முடியுமா என்று தெரியவில்லை என்றால் தெரபிஸ்டுக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்காதீர்கள். அவர் போன் சைலன்டில் இருக்கலாம். முதலில் தனியாக இருக்கும் இடத்தை விட்டு வெளியே வந்து இன்னொரு மனிதரோடு உட்காருங்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவானாலும் வேறொருவர் கையில் கொடுத்து வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். கொதிப்பின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது.

பிறகு அழையுங்கள். 14416, மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழில், இலவசமாக, 24 மணி நேரமும் பேசலாம். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" சேவைக்கும் இதே எண்தான். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா, 044-24640050. ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு எந்த நேரமும் போகலாம். எதையாவது ஏற்கெனவே விழுங்கியிருந்தால், உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சில மருந்துகளும் விஷங்களும் ஓரிரு நாள் கழித்துத்தான் கல்லீரலைத் தாக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவையோ அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள்.

பத்திரமான இடத்தில் சேர்ந்த பிறகு தெரபிஸ்டுக்கு ஒரு வரி போதும்: "இன்னிக்கு ராத்திரி சாகணும்னு தோணிச்சு, இப்ப அண்ணன் வீட்ல இருக்கேன், 14416-ல பேசினேன், நாளைக்கு பாக்க முடியுமா?"

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து இதைச் சொல்லாமல் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணத்தைச் சொல்வது ஒருநாளும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சி செய்தவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று இந்தியாவின் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 23-வது பிரிவு நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்கும் கடமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழ்நிலைகளில் தேவையான அளவு மற்றவரிடம் சொல்லலாம். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டால், தெரபிஸ்ட் உங்கள் அப்பாவை அழைப்பாரோ என்ற பயம் இருக்காது.

வீட்டார் அழைத்தால்

"உள்ள என்ன பேசினான்னு மட்டும் சொல்லுங்க மேடம், நான் அவன் அம்மா." பையனுக்கு 26 வயது என்றால் தெரபிஸ்ட் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் வீட்டார் தகவல் கொடுக்கத் தடையில்லை: மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, மாத்திரையைக் கொட்டிவிடுகிறான், கதவைப் பூட்டிக்கொள்கிறான் என்பதையெல்லாம் சொல்லலாம். "இதை அவன்கிட்ட சொல்லாதீங்க" என்று நிபந்தனை போடாதீர்கள். பெரும்பாலான தெரபிஸ்ட்கள், உங்கள் அம்மா இப்படி அழைத்தார் என்று அவரிடமே சொல்லிவிடுவார்கள்.

எல்லை மீறுவது அந்தப் பக்கமாக இருந்தால்

தெரபிஸ்டே நள்ளிரவில் "தூங்கலையா?" என்று மெசேஜ் போடுகிறார், தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிறார், வெளியே காபி குடிக்கக் கூப்பிடுகிறார், கடன் கேட்கிறார் என்றால் அது அக்கறை அல்ல. பதில் போடாதீர்கள், எதையும் டெலீட் செய்யாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கிளினிக்கில் வேலை செய்பவர் என்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். மனநல மருத்துவர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலிலும், பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மீது இந்திய மறுவாழ்வு கவுன்சிலிலும் புகார் கொடுக்க வழி உண்டு. எந்தப் பதிவும் இல்லாமல் "கவுன்சிலர்" என்று போர்டு மட்டும் வைத்திருப்பவர் மீது இப்படிப் போக இடமில்லை. ஆகவே, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் முதல் செஷனுக்குப் பணம் கட்டும் முன்பே சி.ஆர்.ஆர். எண்ணை (மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்) கேட்டு வாங்கிக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள்.